சீட்டைக் கிழிப்பதற்கு முன்

ஆரணியில் கொஞ்ச நாளாக ஒரு புது வழக்கம் பரவியிருக்கிறது. என் வயதுக்காரர்கள் வரிசையாகப் போய் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு மெத்தை போட்டுக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நண்பரைப் பார்த்தேன். வண்டி மேல் தலையணை வைத்து உட்கார்ந்திருப்பது போல இருந்தார். கால் தரையில் முழுதாக எட்டவில்லை. விரல் நுனியில் நின்றுகொண்டு, "வாத்தியாரே, இப்ப சோபா மாதிரி இருக்கு" என்றார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார், கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். முதுகு வலிக்கிறது என்று சீட்டைக் கிழிக்காதீர்கள். ஷாக் அப்சார்பரை மாற்றாதீர்கள். உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற, காசு கேட்காத ஒரு வளையத்தை முதலில் திருப்புங்கள். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தொட்டிருந்தால் தப்பான பக்கம் தொட்டிருப்பார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இந்தத் தப்பை எல்லாம் நானே செய்தவன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் ஸ்ப்ளெண்டரில் போளூர் ரோட்டில் போய் வந்தால் இடுப்பு விட்டுப்போகும். பக்கத்து ஊர் ஒன்றில் இதற்கென்றே இருக்கிற ஒரு கடைக்குப் போனேன். ஊர் பெயரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். சீட்டில் இரண்டு அங்குலம் கூடுதல் ஃபோம், மேலே பளபளவென்று புது ரெக்ஸின். பின்னால் பக்கத்தில் டப்பா வைத்த, பழையதைவிட ஒரு அங்குலம் நீளமான இரண்டு ஷாக். "வயசானவங்க சார், கெட்டியா வெச்சுட்டேன், இனி அடிக்காது" என்று கடைசிப் படியில் முறுக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு மேல். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் வாரம் சேவூர் தாண்டி ஒரு வேகத்தடையில் பின்சக்கரம் உதைத்தது. என் மனைவி எப்போதும் போல இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்தது பட்டுச்சேலை, சீட்டோ வழவழ ரெக்ஸின். சத்தம்கூட இல்லாமல் வழுக்கி விழுந்துவிட்டாள். நான் இருபது அடி போன பிறகுதான் பின்னால் ஆள் இல்லை என்று தெரிந்தது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து நாற்பது நாள் மாவுக்கட்டு. நெசவு வீட்டில் பிறந்து சின்ன வயதில் தார் சுற்றிய கை அது. இன்றைக்கும் ஒரு குடம் தண்ணீரை அந்தக் கையால் தூக்க மாட்டாள்.

இதில் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. முப்பது வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். ஸ்டாண்டில் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, நூறு நூறு கிராமாக எடை மாட்டி, எவ்வளவு நீள்கிறது என்று பிள்ளைகளை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லி, ஹூக் விதியைக் கரும்பலகையில் எழுதியவன். என் சொந்த வண்டியின் ஸ்பிரிங்கை ஒரு நாளாவது அளந்தேனா? இல்லை. கடைக்காரப் பையன் 'கெட்டியாக' என்றதும் தலையாட்டினேன்.

அந்த வார்த்தைதான் தப்பு. ஷாக்கின் அடிப்பக்கத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் ஐந்து படி. வண்டியோடு தருகிற கருவிப் பையில் அதைத் திருப்புவதற்கென்றே கொக்கி போல வளைந்த ஒரு ஸ்பேனர் இருக்கும். பையைத் திறந்து பாருங்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். அந்த வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்றுதான் ஊரே நம்புகிறது. ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். ஒரு கிலோவுக்கு எவ்வளவு அமுங்குமோ, முதல் படியிலும் ஐந்தாம் படியிலும் அதே அளவுதான் அமுங்கும். மாறுவது வேறு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பது மாறும்.

தாழ்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏற மட்டும் இடம் இருந்தால் போதாது. பள்ளத்தில் இறங்கவும் இடம் வேண்டும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் ஷாக் கொஞ்சம் அமுங்கியிருந்தால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட்டுக்கொண்டே போகும், உங்கள் உடம்பு இருந்த உயரத்திலேயே இருக்கும். ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிற என்னைப் போன்றவனுக்கு நீள ஷாக்கும் ஐந்தாம் படியும் வைத்தால் வண்டி தாழ்வதே இல்லை. பள்ளம் வந்தால் சக்கரமும் வண்டியும் நானும் மொத்தமாகக் கீழே விழுகிறோம். மேடு வந்தால் மொத்தமாக எகிறுகிறோம். 'அடிக்காது' என்று சொன்ன வண்டி அடிப்பது இப்படித்தான்.

நூறு கிலோ இருப்பவர் முதல் படியில் ஓட்டினால் எதிர்க்கேடு. ஏற்கெனவே பாதிக்கு மேல் அமுங்கிப்போன ஷாக், வேகத்தடையில் அடிவரை போய் ரப்பரில் இடிக்கும். அந்த இடி நேராக முதுகெலும்புக்கு வரும். எலும்பு அடர்த்தி குறைந்துபோன வயதில் ஒரே ஒரு இடியில் முள்ளெலும்பு நசுங்கிவிடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளப்பது சுலபம். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தொங்கும்போது, சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு இடம் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக ஓட்டுகிற மாதிரி ஏறி உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அதே இரண்டு இடத்துக்கும் நடுவே அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாழ்வு. பின்சக்கரம் மொத்தம் எட்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும் வண்டி என்றால், இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தாழ வேண்டும். அதாவது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. குறைவாகத் தாழ்ந்தால் ஒரு படி தளர்த்துங்கள், அதிகமாகத் தாழ்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள். துணையோடு போகிறவர்கள் இருவரும் உட்கார்ந்து அளக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் இருப்பவரின் எடை ஏறக்குறைய முழுதும் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. பட்டு மூட்டை கட்டிக்கொண்டு செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகிறவர்கள் போகும்போது ஒரு படி ஏற்றி, திரும்பும்போது இறக்கிக்கொள்ளலாம். இரண்டு நிமிஷ வேலை.

ஒரு மெக்கானிக் தம்பி எனக்கு இன்னொரு யோசனை சொன்னார். "அம்மா எடது பக்கமாதானே சார் உக்கார்றாங்க, எடது ஷாக்கை ஒரு படி தூக்கி வெச்சுடலாம்." கேட்க நியாயமாக இருக்கும். இரண்டு ஷாக்கும் பிடித்திருப்பது ஒரே ஸ்விங் ஆர்மை. ஒரு பக்கம் அதிகமாகத் தள்ளினால் அந்த ஆர்ம் முறுக்கிக்கொள்ளும், அதன் புஷ் தேயும், அப்புறம் வளைவில் பின்பக்கம் தனியாக ஆடும். இரண்டு பக்கமும் ஒரே படியில்தான் இருக்க வேண்டும். அந்தத் தம்பி நல்ல பையன். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த 'சீட்டில் சுகம் தேடும்' புத்தி நமக்குப் பழைய காலத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். சீட்டுக்கு அடியில் மட்டும் இரண்டு சுருள் ஸ்பிரிங், சைக்கிள் சீட்டு மாதிரி. ஓட்டுகிறவன் மிதப்பான், சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். 1948இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டைப் போட்டியில் இறக்கியது. ஸ்பிரிங்கைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அந்தப் புல்லட்தான் 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு சென்னை திருவொற்றியூரில் தயாரானது. சக்கரம் தரையை விடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் சக்கரம் தரையில் இருந்தால்தானே? உடம்புக்குச் சுகம் என்பது அதோடு சேர்ந்து வந்த லாபம். எழுபத்தைந்து வருஷம் கழித்து நாம் காசு கொடுத்து ஸ்பிரிங்கைச் செத்துப்போக வைத்துவிட்டு, மறுபடி சீட்டில் சுகம் தேடுகிறோம்.

முன்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். சிறிய வண்டிகளின் முன் ஃபோர்க்கில் திருப்ப எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே ஆயில் இருக்கிறது. எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிற நாம் ஃபோர்க் ஆயிலை மறந்தே போகிறோம். என் வண்டியில் பதினோரு வருஷ ஆயிலை இறக்கியபோது கறுப்புத் தண்ணீர்தான் வந்தது. கருவாட்டு வாடை. ஆயில் செத்துப்போனால் முன்பக்கம் ஒரு மேட்டுக்கு மூன்று முறை ஊஞ்சலாடும். மாற்றச் சில நூறு ரூபாய்தான். கூடவே டயர் காற்று. எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். காற்று அடிக்கிற பையனிடம் "ஃபுல்லா அடி" என்று சொல்லிவிட்டு, அப்புறம் ரோடு சரியில்லை என்று நகராட்சியைத் திட்டுவது நியாயமில்லை. (நகராட்சியைத் திட்ட வேறு காரணங்கள் ஏராளம்.)

இத்தனையும் செய்த பிறகும் வலித்தால் அப்போது சீட்டைத் தொடுங்கள். தொடும்போதும் மெத்தை வேண்டாம். நாம் உட்காருவது இரண்டு எலும்பு முனைகளின் மேல். கெட்டியான ஃபோம் அந்த இரண்டையும் தாங்கும். மிருதுவான ஃபோம் பத்து நிமிஷம் தாங்கும், பிறகு அமுங்கிப்போய் அடித்தகடு எலும்பில் இடிக்கும். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறோமே, விரலா உட்காரப் போகிறது?

என் நைனா குழித்தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது பலகை. அதன் மேல் மடித்துப் போட்ட ஒரு பழைய துணி. ஆனால் அந்தப் பலகையின் உயரம் அவருக்கென்று வைத்தது. மிதியில் பாதம் படியும்போது முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், நாடாவை வீசும்போது முழங்கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்தது. சித்தப்பா அந்தத் தறியில் உட்கார்ந்தால் பலகைக்கு அடியில் கட்டை வைப்பார்கள். தறியை ஆளுக்குத் தக்கபடி வைக்கத் தெரிந்த ஊர் இது. ஷோரூமில் வண்டி வாங்கினால் மட்டும் கம்பெனி வைத்தது வைத்தபடி, அல்லது கடைக்காரன் வைத்தது வைத்தபடி.

சீட்டைச் சரிசெய்யும் கைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள். டேங்கை நோக்கி வழுக்கும் சரிவைச் சமமாக்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்தவர்கள் சீட்டின் முன்பகுதியில் இரண்டு பக்க ஓரத்தையும் சீவச் சொல்லுங்கள். தொடை அகலாமல் கால் நேராகக் கீழே இறங்கும், உயரத்தைக் குறைக்காமலே பாதம் தரையில் படும். ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். அதில் இரண்டு அங்குலம் ஏற்றினால் 835. இளவட்டங்கள் ஓட்டுகிற பந்தய வண்டிக்குச் சமமான உயரம். சிக்னலில் கால் ஊன்ற முடியாத வண்டி நம் வயதுக்கு எதற்கு? மேல் உறைக்குச் சொரசொரப்பான துணி போடச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டவே வேண்டாம். நான் பட்டது போதும்.

"இவ்வளவு பாடு எதற்கு, ஸ்கூட்டர் வாங்கு" என்று என் மகனும் சொல்கிறான். வாங்கலாம், கியர் இல்லை, கால் வைக்க இடம் இருக்கிறது. ஆனால் என் வண்டியின் சக்கரம் பதினெட்டு அங்குலம். ஸ்கூட்டர் சக்கரம் பெரும்பாலும் பத்து அல்லது பன்னிரண்டு. பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடும் குழியில் சின்ன சக்கரம் இறங்கி உட்காரும். போதாததற்கு ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடுகிறது. அந்தக் கனத்தை அடக்குவது ஷாக்குக்குக் கஷ்டம். ஊருக்குள் காய்கறி வாங்க ஸ்கூட்டர் சரி. கண்ணமங்கலம் வரை போய் வர எனக்கு மோட்டார் சைக்கிள்தான்.

இனி அந்த நீள ஷாக் விவகாரம். இளைஞர்களும் இதைப் படித்தால் நல்லது. என் வண்டியின் இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கினால் முன் ஃபோர்க் ஒரு டிகிரிக்கு மேல் செங்குத்தாகிறது. ஒரு டிகிரிதானே என்பீர்கள். ஹேண்டில் எலி வால் மாதிரி துள்ளும். பிரேக் பிடித்தால் எடை முழுதும் முன்னால் பாயும். அந்த மூன்று வாரமும் நான் ஏதோ எனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் வைத்தார்கள். ஸ்விங் ஆர்மை நீட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சக்கர இடைவெளி பதிவுச் சான்றில் இருக்கிறது. வளையத்தைத் திருப்புவதோ மாற்றமே இல்லை. கம்பெனியே திருப்பச் சொல்லி ஸ்பேனரும் கொடுத்திருக்கிறது.

சட்டம் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? பின்னால் உட்காருபவருக்கு நிரந்தரக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். டப்பா வைத்த ஷாக் மாட்டுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது இந்த சாரி கார்டைத்தான், 'லுக்' கெடுகிறதாம். சேலை நெய்து சோறு தின்கிற ஊரில், சேலையைக் காக்கிற கம்பியைப் பழைய இரும்புக் கடையில் போடுகிறான். அவனைப் பெற்றவள் அந்த வண்டியில் உட்கார்ந்துதான் மருத்துவமனைக்குப் போகப்போகிறாள்.

கம்பெனிகளையும் விட முடியாது. விளம்பரத்தில் ஓட்டுகிறவனுக்கு இருபது வயது. பின்சீட்டு அலமாரித் தட்டு மாதிரி மேலே தூக்கி நிற்கிறது, அதில் ஒரு பாட்டி எப்படிப் பக்கவாட்டில் உட்காருவாள்? வண்டியைக் கொடுக்கும்போது மாலை போடுகிறார்கள், ஸ்வீட் தருகிறார்கள், சாவியோடு போட்டோ எடுக்கிறார்கள். "உங்க எடை என்னங்க, பின்னாடி யார் உக்காருவாங்க?" என்று கேட்டு அந்த வளையத்தை ஒரு தடவை திருப்பிக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. என் வாழ்நாளில் வாங்கிய நான்கு வண்டிக்கும் யாரும் கேட்டதில்லை.

வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். வட்டமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி. நம் பக்கத்துத் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி கட்டியிருப்பதற்கு எந்த ஷாக்கும் பதில் சொல்ல முடியாது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இன்று ரத்தக் கொதிப்பு போதும்.

பழைய ஷாக்கைக் கடையிலிருந்து திரும்ப வாங்கி மாட்டிவிட்டேன். புது ஷாக் இரண்டும் பரண் மேல் கிடக்கின்றன. சீட்டில் ஏற்றியதைச் சீவி, சொரசொரத் துணி தைத்தாயிற்று. தனியாகப் போகும்போது இரண்டாம் படி, ஆள் இருந்தால் நான்கு. இடுப்பு வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போளூர் போய் வந்து இரவு தூங்க முடிகிறது.

நான்காம் படியைப் போன ஆடி வெள்ளியன்று காலையில் வைத்தேன். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கிளம்பியிருந்தோம். வாசலில் வண்டியை நிறுத்தி, எதிர்வீட்டுப் பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "ஒரு நிமிஷம் உக்காரு, அளந்துக்கறேன்" என்றேன். உட்கார்ந்தாள். நான் குனிந்து அளந்து, வளையத்தைத் திருப்பி, மறுபடி அளந்து, இரண்டரை சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது என்று நிமிர்ந்தேன். அவள் இறங்கிப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு, "அளந்தது போதுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

டேப்பும் கொக்கி ஸ்பேனரும் திண்ணையில்தான் இருக்கின்றன. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் யார் வண்டி கொண்டுவந்தாலும் அளந்து தருகிறேன். துணையோடு வாருங்கள். அந்தச் சோபா நண்பருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.